வாடகை என்று எழுதிய 51 மாதங்கள்

வழக்கறிஞர் அம்மா என் வங்கிக் கணக்கு அறிக்கையின் மேல் ஒரு மர அளவுகோலை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே படித்தார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. கீழே இயந்திரம் ஓடும் சத்தமும் மேலே அவர் குரலும் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தன. “ஐந்தாம் தேதி, 18,500, வாடகை. ஐந்தாம் தேதி, 18,500, வாடகை. ஆறாம் தேதி, 18,500, வாடகை.” அளவுகோல் இரண்டாம் பக்கத்தின் பாதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏம்மா, சொந்த வீட்டுக்கு எதற்கு வாடகை கொடுத்தாய்?”

அது வேடிக்கைக்காக எழுதியது. 2016-ல் நானும் என்னோடு வாழ்ந்தவரும் சேர்ந்து கொளத்தூரில் வீடு வாங்கியபோது வங்கித் தவணை அவருடைய கணக்கிலிருந்து போகும், பாதியை நான் மாதாமாதம் அவருக்கு அனுப்பிவிடுவேன் என்று பேச்சு. முதல் மாதம் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. அதில் ‘வாடகை’ என்று எழுதினேன். “பார், ஹவுஸ் ஓனருக்கு வாடகை வந்துவிட்டது” என்று அவர் சிரித்தார். அடுத்த மாதமும் அதையே எழுதினேன். பிறகு கைப்பேசி தானாகவே அந்தச் சொல்லை நிரப்பிக்கொண்டது. மொத்தம் 74 மாதங்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் 51 ‘வாடகை’. 14-ல் எதுவும் இல்லை. மற்றவை ‘வீடு’, ‘நன்றி’, ‘மீன் தொட்டி’ என்று ஏதேதோ. ‘வீட்டுக் கடன்’ என்று ஒழுங்காக எழுதியது இரண்டே இரண்டு முறை.

நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரார் ரசீதில் விவரம் இல்லையென்றால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு.

நாங்கள் 2014-லிருந்து 2022 வரை ஒன்றாக வாழ்ந்தோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் அதில் பிடிப்பு இல்லை. என் வீட்டில் அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாததுபோல் அம்மா பார்த்துக்கொண்டார். சட்டப்படி அது குற்றம் அல்ல என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர்கள் தீர்ப்பு படித்துவிட்டு வீடு கொடுப்பதில்லை. அயனாவரத்தில் வாடகைக்கு இருந்தபோது கணவன் மனைவி என்றுதான் சொன்னோம். பத்து மாத அட்வான்ஸ் 1,20,000 ரூபாய். பணம் என்னுடையது, ஒப்பந்தம் அவர் பெயரில். காலி செய்தபோது வெள்ளையடித்த கூலியைக் கழித்துக்கொண்டு வீட்டுக்காரர் அவர் பெயருக்குக் காசோலை கொடுத்தார். அந்தப் பணம் அப்படியே கொளத்தூர் வீட்டுக்கு ‘அவர் போட்ட முதல்’ ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடம் ஆயிற்று, அதுவும் வழக்கறிஞர் கேட்ட பிறகு.

வீட்டின் விலை 52 லட்சம். கையிலிருந்து 12 லட்சம் போட்டோம். என்னுடையது 7 லட்சம், வருங்கால வைப்பு நிதியில் எடுத்ததும் நகை விற்றதும் சேர்த்து. அவருடையது 5. மீதி 40 லட்சம் கடன். இரண்டு வங்கிகள் கணவன் மனைவி அல்லாதவர்களுக்குக் கூட்டுக் கடன் தருவதில்லை என்று கையை விரித்தன. மூன்றாவது இடத்தில் விண்ணப்பத்தின் ‘உறவு’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திய அதிகாரி, “கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் என்று போட்டுவிடட்டுமா?” என்றார். தலையாட்டினோம். கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் பதிவானது. யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆவண எழுத்தரும் கேட்கவில்லை.

பிரிந்த கதையை நீட்ட விரும்பவில்லை. துரோகம், மூன்றாம் ஆள் எதுவும் கிடையாது. ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 2022 அக்டோபரில் தவணைப் பாதியைக் கடைசியாக அனுப்பிவிட்டு நான் நங்கநல்லூரில் ஓர் அறைக்குப் போய்விட்டேன். “வீட்டை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்” என்றோம். நிதானம் நான்கு மாதம் தாங்கியது.

வழக்கறிஞர் அம்மா முதல் நாள் கேட்ட கேள்விகள் எனக்கு எரிச்சலாக இருந்தன. மாலை மாற்றிக்கொண்ட படம் ஏதாவது உண்டா? கோயிலில், நண்பர் வீட்டில், எங்காவது மோதிரம் மாற்றிக்கொண்டீர்களா? இல்லை என்றேன். ஏன் கேட்டார் என்பது பிறகு புரிந்தது. தமிழ்நாட்டில் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கினார்கள். புரோகிதர் வேண்டாம். உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ போதும். நாங்கள் அதையும் செய்யவில்லை. எனவே குடும்ப நல நீதிமன்றக் கதவு மூடிக்கொண்டது.

“அடித்தாரா?” இல்லை. “வெளியே போகச் சொன்னாரா?” இல்லை. “பணத்தைப் பிடுங்கிக்கொண்டாரா?” நானேதான் கொடுத்தேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணத்தின் தன்மையில் அமைந்த உறவையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. எப்படிப்பட்ட உறவு அது என்பதைக் கோயம்புத்தூரிலிருந்து மேலே போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஊர் கண்ணுக்குக் கணவன் மனைவிபோல் இருந்திருக்க வேண்டும், திருமண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு யாருக்கும் கணவனாகவோ மனைவியாகவோ இருக்கக் கூடாது, விருப்பத்தோடு கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். எல்லாமே எங்களுக்குப் பொருந்தின. ஆனால் அந்தச் சட்டம் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு உரியது. அவளை வீட்டைவிட்டுத் துரத்தாமல் காக்கும், ஜீவனாம்சமும் இழப்பீடும் வாங்கித் தரும். வீட்டின் உரிமையை அவள் பெயருக்கு மாற்றாது. “பொருளாதார வன்முறை என்று எழுதிப் போடு, பயந்துவிடுவார்” என்று ஒரு தோழி யோசனை சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். அவர் செய்யாததை அவர்மீது எழுதினால், பிறகு நான் காட்டும் கணக்கை யார் நம்புவார்கள்?

“அப்படியென்றால் உறவை மறந்துவிடு” என்றார் வழக்கறிஞர். “நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சொத்து வாங்கிய இரண்டு ஆட்கள். அவ்வளவுதான்.” எட்டு வருடத்தை இப்படி ஒரு வாக்கியத்தில் அடக்கியது அன்று வலித்தது. ஆனால் எனக்குக் கைகொடுத்தது அந்த வாக்கியம்தான்.

இரண்டு ஆட்களுக்குப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45-ஆம் பிரிவு. இருவர் தனித்தனிப் பணத்தைப் போட்டு ஒரு சொத்தை வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு என்று கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. அவர் தரப்பு நோட்டீஸ் வந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. அதில் இருந்தது இதுதான்: நான் போட்டது 7 லட்சம் மட்டுமே, அது விலையில் 13 விழுக்காடு. மாதாமாதம் நான் அனுப்பியது நானே என் கைப்பட எழுதியபடி வீட்டில் தங்கியதற்கான வாடகை. அவர் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருடைய வழக்கறிஞரும் ஓர் அளவுகோல் வைத்திருப்பார்.

எங்கள் பக்கத்து பதில் கடன் பத்திரத்தில் இருந்தது. அதில் நானும் கடன்தாரர். தவணை தவறினால் முழுக் கடனையும் என்னிடமே வங்கி கேட்கலாம், பாதியை மட்டும் அல்ல. எந்தக் குடித்தனக்காரர் வீட்டுக்காரரின் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார்? அதோடு 18,500 என்பது தவணையில் கிட்டத்தட்டச் சரிபாதி. தவணை 37,000-க்குச் சில்லறை கூடுதல். அந்தப் பொருத்தமும், ‘வீட்டுக் கடன்’ என்று எழுதிய அந்த இரண்டு மாதங்களும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றின. இதைப் படிப்பவர் யாராவது இப்போது இப்படிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால், இன்றைக்கே குறிப்பை மாற்றுங்கள். ‘வீட்டுக் கடன் தவணை, என் பங்கு, இன்ன மாதம்.’ முடிந்தால் கடன் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள். அன்பைக் காட்ட வேறு இடம் இருக்கிறது.

நடுவில் அவரே ஒரு வழி சொன்னார். “உன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு. பணத்தை இரண்டு வருடத்தில் தந்துவிடுகிறேன்.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2023 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 10,000. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாம் அந்தக் குடும்பத்தில் உண்டு. எட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் கிடையாது. எங்களுக்கு 7 விழுக்காடு. வீடு 68 லட்சம், பாதி 34 லட்சம் என்று வைத்தால் தீர்வை மட்டும் 2,38,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதற்கு மேல். பணம் வாங்காமல் அன்பளிப்பாக எழுதிக் கொடுத்தாலோ இன்னொரு வினை: 50,000 ரூபாய்க்கு மேல் உறவினர் அல்லாதவரிடமிருந்து வரும் அன்பளிப்பு, பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். வருமான வரித்துறையின் உறவினர் பட்டியலிலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து வங்கி. பத்திரத்திலிருந்து என் பெயர் போனாலும் கடனிலிருந்து தானாகப் போகாது. அவர் ஒருவர் சம்பளத்துக்கு அந்தக் கடனைத் தாங்க முடியும் என்று வங்கி ஒப்புக்கொண்டு எழுத்தில் என்னை விடுவித்தால்தான் உண்டு. அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு இல்லாமல் கடன் மட்டும் இருக்கும் நிலைக்கு நான் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தேன்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வாங்கிய மனையைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். 2019-ல் 6,40,000 ரூபாய், முழுதும் என் சேமிப்பு. பதிவு நாளன்று எனக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி, அவருக்கு விடுப்பு கிடைத்தது. “உன் பெயரிலேயே போட்டுவிடு, எல்லாம் ஒன்றுதானே” என்றேன். வழக்கறிஞரிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன், முழுதும் என் பணம் என்பதற்கு வங்கிச் சான்று இருக்கிறதே என்று. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “இதை நீ சொன்னதாகவே இருக்க வேண்டாம்.”

ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்குவது பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தச் சொத்து உண்மையில் என்னுடையது என்று வழக்கே போட முடியாது. 2016-ல் சட்டத்தைக் கடுமையாக்கியபோது ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம் என்று ஆயிற்று. கணக்கில் வந்த சொந்தப் பணத்தில் கணவன் அல்லது மனைவி பெயரில் வாங்கினால் விலக்கு உண்டு. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கு இல்லை. வங்கிச் சான்று என் பக்கம் பேசும் என்று நான் நினைத்தது, என்னையே காட்டிக்கொடுக்கும் சான்று. மனை போயிற்று. அவர் அதை எடுத்துக்கொள்ள ஆசைப்படவில்லை என்பதும் உண்மை. எனக்குத் திருப்பி எழுதிக் கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி வைக்கவில்லை என்பதும் உண்மை. ‘எல்லாம் ஒன்றுதானே’ என்பதற்கு 6,40,000 ரூபாய் கொடுத்தேன்.

கார் விஷயம் சின்னது. 2018-ல் அவர் கார் வாங்க 2,10,000 கொடுத்தேன். கடனா, பரிசா என்று எழுத்தில்லை. கடனே என்றாலும் மூன்றாண்டுக் காலவரம்பு தாண்டிவிட்டது. விட்டுவிட்டேன். ஆயுள் காப்பீட்டில் நான் அவருக்கு நாமினியாக இருந்ததை அவர் மாற்றினார், அவரை நான் மாற்றினேன். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் அல்லாத நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், உரியவர் வாரிசுகள்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இடையில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் உயில் இல்லாத நிலையில் அவர் பங்கு அவருடைய அம்மாவுக்குப் போயிருக்கும். நானும் அந்த அம்மாவும் ஒரே வீட்டுக்குக் கூட்டு உரிமையாளர்கள். என்னை ஒரு முறைகூட வீட்டுக்குக் கூப்பிடாதவர் அவர்.

2023 ஜூனில் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். 850 சதுர அடி வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் ஆணையிடலாம், மற்றப் பங்குதாரர் மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம் என்று 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் சொல்கிறது. வழக்கு நடந்து முடிய எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். வழக்கறிஞர் பதில் சொல்லாமல் காபி வரவழைத்தார்.

எங்களை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். 2005-லிருந்து நடக்கிறது. மேடை, கூண்டு, கருப்பு அங்கி எதுவும் இல்லை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். சமரசர் நடுவயதுக்காரர், குரல் உயர்த்தாதவர். முதல் அமர்வில் நான் எட்டு வருடக் கதையைத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, “இதில் எண்களை மட்டும் எழுதுங்கள்” என்றார்.

எழுதினோம். என் பக்கம்: முதல் 7 லட்சம், 74 மாதம் 18,500 வீதம் 13,69,000. அவர் பக்கம்: முதல் 5 லட்சம், அதே 13,69,000, நான் போன பிறகு தனியாகக் கட்டிய தவணைகள். அயனாவரம் அட்வான்ஸை நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “ஆமாம், அது அவளுடையது” என்றார். வாடகை என்ற சொல்லை அவர் அந்த அறையில் ஒரு முறைகூட எடுக்கவில்லை. மூன்றாவது அமர்வில் முடிந்தது. மூன்றாம் நபருக்கு விற்பது, கடனை அடைத்து மிஞ்சியதில் எனக்கு 15,50,000, மீதி அவருக்கு. விற்றால் முத்திரைத் தீர்வை வாங்குபவர் பாடு. எங்களுக்குள் பத்திரமே வேண்டாம். சமரசத்தில் முடிந்ததால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வந்தது. மீன் தொட்டியைப் பற்றியும் ஒரு வரி எழுதினார் சமரசர், நாங்கள் கேட்டதால். தொட்டி எனக்கு, மோட்டார் உட்பட. கொளத்தூர் மீன் சந்தையில் 2017-ல் பேரம் பேசி வாங்கியது.

68 லட்சத்துக்கு விலை போனது. ஏழு வருடத்துக்கு மேல் தவணை கட்டியும் கடன் பாக்கி 32 லட்சத்துக்கு மேல் நின்றது. தரகுக் கூலி போக மிச்சம் 35 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒழுங்காகக் கணக்கு எழுதியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். கிடைத்திருக்காமலும் போயிருக்கலாம்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, தன் நண்பரோடு சேர்ந்து வீடு வாங்கப் போவதாகச் சொன்னாள். கல்யாணம் எப்போது என்று நான் கேட்கவில்லை. பத்திரத்திலேயே பங்கு விகிதத்தை எழுதச் சொல் என்றேன். கூட்டு உரிமையாளர்களின் ஒப்பந்தம் ஒன்று முத்திரைத்தாளில் போடச் சொன்னேன். யார் முதல் எவ்வளவு, தவணை யார் கணக்கிலிருந்து, ஒருவர் விலகினால் மற்றவர் எத்தனை மாதத்தில் என்ன விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் விற்பது என்று. அதில் உறவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், சொத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும் என்பது என் வழக்கறிஞர் சொன்னது. உறவுக்காகப் போட்ட ஒப்பந்தம் என்றால் செல்லுமா என்றே நீதிமன்றத்தில் இழுப்பார்கள். அவள், “இதையெல்லாம் கேட்டால் என்னை நம்பவில்லையா என்பாரே அக்கா” என்றாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. நானும் அதற்குப் பயந்துதானே கேட்கவில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய் ஒரு முறை பேசிவிட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

2024 பிப்ரவரியில் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஆவண எழுத்தர் கடையில் வரைவை நீட்டினார்கள். நான் வழக்கம்போல் கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அவர், அன்று முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இது தவறு” என்றார். விற்பவர்கள் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘க/பெ’ என்று போட்டு அவர் பெயரை அடித்திருந்தார்கள். “ஒரே முகவரி, ஆண் ஒருவர் பெண் ஒருவர். அதனால் போட்டுவிட்டேன் சார்” என்றார் எழுத்தர். ‘த/பெ’ என்று மாற்றச் சொன்ன அவர், என்னைக் கேட்காமலே என் அப்பாவின் பெயரை முதலெழுத்தோடு சொன்னார். ஒற்று எங்கே வரும் என்பதுகூடச் சரியாக இருந்தது.

பக்கத்தைத் திரும்ப அச்சடிக்க 50 ரூபாய் கேட்டார்கள். அவர் கைப்பேசியில் செலுத்தினார். நான் அங்கேயே நின்று அவருக்கு 25 ரூபாய் அனுப்பினேன். கைப்பேசி பழக்கதோஷத்தில் ‘வாடகை’ என்று காட்டியது. அதை அழித்துவிட்டு, ‘பக்கம் திருத்திய கூலியில் என் பாதி’ என்று எழுதினேன்.